நியூயார்க் என்று சொல்லிவிட்டுப் போன ஊர்

விசா கிடைத்த அன்று மாலையே உறவினர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: நியூயார்க் போகிறேன். பொய் ஒன்றும் இல்லை. கையில் இருந்த கடிதத்தின் தலைப்பிலேயே நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் என்று அச்சிட்டிருந்தது. அதன் பின்னால் ‘ஸ்டோனி புரூக்’ என்று ஒரு வால் தொங்கியதையும் பார்த்தேன். ஏதாவது தெருப்பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெரியப்பா மட்டும் அட்லஸை விரித்துப் பார்த்துவிட்டு, “அது நகரத்தில் இல்லை போலிருக்கிறதே, கிழக்கே வெகுதூரம் தள்ளி அல்லவா இருக்கிறது?” என்றார். “பழைய அட்லஸ், பெரியப்பா” என்று சமாளித்தேன்.

2003 ஆகஸ்ட் மாதம். வடகிழக்கு அமெரிக்கா முழுக்க மின்சாரம் போய் இருண்டு கிடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கென்னடி விமான நிலையத்திலிருந்து என்னையும் இன்னொரு புது மாணவனையும் அழைத்துப்போக ஓர் அண்ணா தன் பழைய டொயோட்டாவில் வந்திருந்தார். வானளாவிய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஜன்னலோர இருக்கையைப் பிடித்திருந்தேன். வண்டி அந்தக் கட்டடங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே கிளம்பியது. லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இருபுறமும் மரங்கள், வெளியேறும் பாதைகளின் எண்கள், மறுபடியும் மரங்கள். 62ஆம் எண்ணில் விலகி நிக்கல்ஸ் சாலையில் வடக்கே திரும்பினோம். தெருவிளக்கே இல்லை.

“அண்ணா, ஊர் எப்போது வரும்?”

“வந்துவிட்டது.”

வலப்பக்கம் மேட்டின்மேல் மருத்துவமனையின் கோபுரங்கள் மட்டும் விளக்கெரிய நின்றன. இடப்பக்கம் இருட்டுக்குள் பல்கலைக்கழகம் இருப்பதாக அண்ணா சொன்னார். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லூரி வழிகாட்டிகளில் இந்த இடத்தைப் பற்றிப் போடுகிற வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய, புறநகர், பொது, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். விண்ணப்பிக்கும்போது நான் ‘பெரிய’ என்பதைப் படித்தேன், ‘ஆராய்ச்சி’ என்பதைப் படித்தேன், ‘பொது’ என்றால் கட்டணம் குறைவு என்று புரிந்துகொண்டேன். ‘புறநகர்’ என்பதை மட்டும் கண் தாண்டிவிட்டது. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்து வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் வாழ்க்கையை நடத்தியது நான் படிக்காமல் விட்ட அந்த ஒரு சொல்தான்.

தமிழில் புறநகர் என்று சொல்லும்போது நகரம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியம் அதற்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கப் புறநகர் வேறு சாதி. லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் 1947இல் தொழிற்சாலைப் பொருள்போல வீடுகளை வரிசையாகக் கட்டத் தொடங்கினார்கள். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு, அதிலும் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி. அந்த அலை தீவின் நீளத்துக்கும் கிழக்கே உருண்டது. ஸ்டோனி புரூக் இருக்கும் சஃபோக் கவுண்டியில் 1950இல் ஏறத்தாழ 2.76 லட்சம் பேர் இருந்தார்கள், 1960இல் 6.67 லட்சம். பத்தே ஆண்டுகளில் இத்தனை குடும்பங்கள் வந்து இறங்கினால் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? தீவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஆள்பவர்களுக்குத் தோன்றியது இந்தக் கணக்கால்தான். அறிவுத்தாகம் என்றெல்லாம் பட்டமளிப்பு விழாவில் பேசுவார்கள். எனக்கு மக்கள்தொகைக் கணக்கு போதும்.

தொடக்கம் ஸ்டோனி புரூக்கில்கூட இல்லை. 1957 செப்டம்பரில் ஆய்ஸ்டர் பே என்ற இடத்தில், ஒரு செல்வந்தர் அரசுக்குக் கொடுத்த தோட்ட மாளிகையில், 148 மாணவர்களோடு ஒரு கல்லூரியாக ஆரம்பித்தார்கள். உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைத் தயார்செய்வதுதான் வேலை. கட்டணம் கிடையாது. சில வாரங்களில், அக்டோபர் 4 அன்று, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பியது. அதன் பிறகு அமெரிக்காவில் அறிவியலுக்குக் கொட்டிய பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1960இல் மாநிலம் அமைத்த ஒரு குழு, நாட்டின் தலைசிறந்தவற்றோடு நிற்கக்கூடிய ஒரு பல்கலைக்கழகம் லாங் ஐலண்டில் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளிக்கூட வாத்தியார்களுக்காகப் போட்ட திண்ணை மூன்றே ஆண்டில் அரண்மனைக்குக் கடைக்கால் ஆகிவிட்டது.

நிலம் கொடுத்தவர் வார்டு மெல்வில். காலணி வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த குடும்பம். இந்த மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இருந்த நாட்களில் நான் அதிகமாகக் கோபப்பட்டதும் பின்னால் அதிகமாக இரக்கப்பட்டதும் இவர்மேல்தான். பல்கலைக்கழகம் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1940களின் தொடக்கத்தில், ஸ்டோனி புரூக் கிராமத்தின் நடுப்பகுதியை இடித்து, பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்திருக்கக்கூடிய ஒரு கிராமமாகத் திருப்பிக் கட்டியவர் அவர். வெள்ளை மரப்பலகை, பிறை வடிவில் கடைகள், எதிரே புல்வெளி, அதற்கப்பால் துறைமுகம். நடுவில் அஞ்சலகம். அஞ்சலகத்தின் நெற்றியில் மரத்தில் செதுக்கிய ஒரு கழுகு. இறக்கையை விரித்தால் இருபது அடி. பகலில் மணிக்கொரு முறை அது இறக்கை அடிக்கும்படி உள்ளே இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

பழமையைப் புதிதாகத் தயாரித்துக் கொள்ளும் இந்தக் குணமுள்ள மனிதர்தான் தன் சொந்த நிலத்திலிருந்து நானூறு ஏக்கருக்கும் மேல் அரசுக்குக் கொடுத்தார். தன் கிராமத்துக்குப் பொருத்தமாக அடக்க ஒடுக்கமான ஒரு கல்லூரி வரும், அதே வெள்ளை ஜன்னல், அதே செங்கல் என்று எதிர்பார்த்தார். மாநிலம் வந்து இறக்கியது கான்கிரீட்டை. முதலில் செங்கற்கட்டடங்கள் சில, பிறகு பெட்டி பெட்டியாக விடுதிகள், விரிவுரைக் கூடங்கள், ஆய்வகங்கள். பெண் பார்த்தது ஒன்று, மணமேடையில் உட்கார்ந்தது வேறொன்று என்ற கதை. மெல்வில் அதிருப்தியோடுதான் இருந்தார் என்பது ஊரறிந்தது. வளாகத்தின் நடுவில் நிற்கும் நூலகத்துக்கு அவருடைய தந்தை பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த நூலகம் எவ்வளவு பெரியதென்றால், கிராமத்து அஞ்சலகத்தைக் கழுகோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம்.

1962இல் வகுப்புகள் இங்கே மாறின. அந்தக் காலத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருகிற சொல் சேறு. கட்டுமானம் நிற்காமல் நடந்திருக்கிறது. மழை பெய்தால் வகுப்புக்குப் போவதே வயல் வரப்பில் நடப்பதுபோல. அறுபதுகளின் இறுதியில் மாணவர் மன்றக் கட்டடத்திலிருந்து ஒரு பாலத்தைக் கட்டினார்கள். அதன் மறுமுனை போய்ச் சேரவேண்டிய இடம் தயாராகவில்லை. பாலம் பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. ‘எங்கும் போகாத பாலம்’ என்று மாணவர்கள் பெயர் வைத்தார்கள். பிறகு நுண்கலை மையத்தைக் கட்டி மறுமுனையைச் சேர்த்தார்கள், அதற்கும் பிறகு பாலத்தையே இடித்துவிட்டார்கள். நான் போனபோது பாலம் இல்லை, பெயர் மட்டும் புழக்கத்தில் இருந்தது. ஆய்வேடு முடியாமல் ஏழாம் ஆண்டில் இழுத்துக்கொண்டிருப்பவர்களை அந்தப் பெயரால் கிண்டல் செய்வோம்.

இப்போது வளாகம் ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். படிப்பவர்கள் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். நம்மூரில் இத்தனை பேர் ஓரிடத்தில் கூடினால் ஒரு மாதத்துக்குள் வாசலில் டீக்கடை, ஜெராக்ஸ் கடை, பழைய புத்தகக் கடை, முடிதிருத்தகம் எல்லாம் முளைத்துவிடும். அங்கே வாசலுக்கு வெளியே மரங்கள் நிற்கும். மரங்களுக்குப் பின்னால் வீடுகள் இருக்கும், ஆனால் தெரியாது. வீடுகள் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் மரங்களே. புறநகர்க்காரர்கள் தங்கள் தெருவில் எதுவும் நடக்கக்கூடாது என்பதற்காகக் காசு கொடுத்துக் குடிவந்தவர்கள்; அவர்கள் நடுவில், எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கவேண்டிய ஒரு நிறுவனம். இருவரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒரே திண்ணையில் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருக்கும் பங்காளிகள்போல, பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

ரயில் நிலையம் வளாகத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. தண்டவாளம் 1873இலிருந்தே இருக்கிறது. பல்கலைக்கழகம் பின்னால் வந்து அதன்மேல் சாய்ந்துகொண்டது. மின்சார ரயில் ஹண்டிங்டன் வரைதான். அதற்குக் கிழக்கே டீசல். ஆகவே மன்ஹாட்டன் போக வேண்டுமென்றால் ஹண்டிங்டனிலோ, நகர எல்லைக்குள் இருக்கும் ஜமைக்கா நிலையத்திலோ மாறவேண்டும், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஒரு டீசல் வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கட்டுரையைப் படித்து முடித்துவிடலாம். நான் படித்த கட்டுரைகளில் பாதி ஜமைக்கா நடைமேடையில் படித்தவை.

கார் வாங்கும் வரை நான் மனிதக் கணக்கிலேயே இல்லை. விடுதியிலிருந்து மளிகைக்கடை இரண்டு மைல். நடைபாதை வளாக எல்லையோடு முடிந்துவிடும்; அதற்கப்பால் புல், பனிக்காலத்தில் தள்ளிக் குவித்த பனி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஜனவரியில் ஒருநாள் பத்துக் கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் நடந்தேன். ஒரு கார் வேகம் குறைத்தது. உதவத்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி ஓர் அம்மாள் கேட்டார்: “உங்கள் வண்டி எங்கே நின்றுவிட்டது?” ஒருவன் வேண்டுமென்றே நடந்து போகிறான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வண்டி இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பின்னால் நிற்கிறது என்று கையைக் காட்டினேன். பாவம், உண்மையிலேயே கவலைப்பட்டார்.

கார் வைத்திருந்த அண்ணாக்களின் தயவில்தான் கறிவேப்பிலை. மாதம் ஒருமுறை ஹிக்ஸ்வில் போவோம். இந்தியக் கடைகள் அங்கேதான். பெட்ரோலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கெழுத ஒரு நோட்டு இருந்தது. ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் வரை போகக் கிடைத்தால் அது திருவிழா.

வெள்ளிக்கிழமை மதியம் வளாகத்தைப் பார்க்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவர்கள் அழுக்குத்துணி மூட்டையோடு ரயிலுக்கும் கார்களுக்கும் போவார்கள். வீடு நியூயார்க் நகரின் குயின்ஸிலோ பக்கத்து நாசா கவுண்டியிலோ இருக்கும். அம்மா சமைத்துவைத்திருப்பாள். சனிக்கிழமை காலையில் ஆயிரம் ஏக்கரில் அணில்களும் வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர்களும் மட்டும் மிஞ்சுவோம். விதிவிலக்கு, ஆண்டுக்கு ஒருநாள் வசந்தகாலத்தில் நடக்கும் ராத் குளத்துப் படகுப்போட்டி. 1989இல் தொடங்கியது. அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா, வண்ணம் இவற்றை மட்டும் வைத்துப் படகு கட்டி அந்தக் குட்டைக்குள் இறங்குவார்கள். பாதிப் படகுகள் முழுகிவிடும். ஊரே கரையில் நின்று கத்தும். ‘ஊரே’ என்ற சொல்லை அந்த ஒருநாள் மட்டும் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

இந்தப் பட்டப்படிப்பு மாணவர்களை முதலில் நான் ஏளனமாகத்தான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பொது’ என்ற சொல்லும் எனக்குப் புரியவில்லை என்பது டி.ஏ. என்கிற ஆசிரிய உதவியாளர் வேலையில்தான் தெரிந்தது. உதவித்தொகைக்கு ஈடாக முதலாண்டுப் பொது வேதியியல் ஆய்வக வகுப்பு. என் பிரிவில் ஒரு பெண், கரைசலின் அடர்வை அளக்கும் டைட்ரேஷன் செய்யும்போது நின்றபடியே தூங்கிவிடுவாள். பியூரெட்டிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருக்கும், கரைசல் இளஞ்சிவப்பைத் தாண்டி அடர்சிவப்புக்குப் போயிருக்கும். இரண்டாம் முறை சத்தம் போட்டேன். மூன்றாம் முறை, இரவு இரண்டு மணி வரை மருந்துக்கடையில் வேலை செய்துவிட்டு வருகிறேன் என்றாள். அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தும் கட்டணத்தைப் பார்த்து இங்கே வந்தவள். அடுத்த வாரம் அவளுக்கு முன்னால் பியூரெட்டின் குழாயை எப்படிப் பாதி திருகி விரலால் பிடித்துக்கொள்வது என்று காட்டினேன். கண்ணை மூடினாலும் விரல் தளர்ந்தால் கை தெரிந்துகொள்ளும். அந்தப் பருவம் அவள் ஏ வாங்கினாள். மதிப்பெண் போட்டது நான்தான், ஆனால் சலுகை இல்லை.

அந்த முதல் பருவத்தில்தான், அக்டோபர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, வேதியியல் துறையே கோயில் கொடைபோல ஆகிவிட்டது. பால் லாட்டர்பருக்கு நோபல் பரிசு. மருத்துவத்துக்கான பரிசு, இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டோடு பகிர்ந்து. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதற்கு. லாட்டர்பர் 1985இலேயே இலினாய்ஸ் போய்விட்டவர். ஆனால் வேலை நடந்தது இங்கே, எங்கள் துறையில்.

அவர் ஸ்டோனி புரூக்குக்கு வந்தது 1963இல், சேறு காயாத நாட்களில். யோசனை வந்த இடம் மட்டும் பிட்ஸ்பர்க் பக்கம். 1971 கோடையில், என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைக் கவனித்துக்கொள்ள அங்கே போயிருந்தார். எலியின் புற்றுத்திசுவை வெட்டியெடுத்துக் கருவிக்குள் வைத்து அளக்கும் சோதனை ஒன்று அங்கே நடந்தது. வெட்டாமலே, உடம்புக்குள் எந்த இடத்திலிருந்து எந்தச் சைகை வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்வியோடு செப்டம்பர் 2 இரவு ஓர் ஹாம்பர்கர் கடையில் உட்கார்ந்திருந்தார். விடை வந்ததும் கைதுடைக்கும் காகிதத்தில் எழுதினார்.

என்.எம்.ஆர். என்பதை வீணையாக நினைத்துக்கொள்ளுங்கள். நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு தந்தி. வெளியே இருக்கும் காந்தப்புலம் அதை முறுக்கும் பிரடை. புலம் கூடினால் சுருதி கூடும். வேதியியலாளர்கள் எல்லோரும் செய்வது, புலத்தை எள்ளளவும் பிசகாமல் எங்கும் ஒரே அளவில் வைத்துக்கொள்வது. அப்போதுதான் சுருதி சுத்தமாக இருக்கும். லாட்டர்பர் வேண்டுமென்றே அதைக் கெடுத்தார். ஒரு பக்கம் புலம் குறைவு, மறுபக்கம் அதிகம் என்று சரிவாக வைத்தார். இப்போது சுருதியைக் கேட்டே தந்தி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சரிவின் திசையை மாற்றி மாற்றிக் கேட்டால், ஒரு பொருளின் நிழலை நாலு பக்கமிருந்து பார்த்து அதன் உருவத்தை ஊகிப்பதுபோல, படமே வரைந்துவிடலாம்.

ஸ்டோனி புரூக்குக்குத் திரும்பி அதைச் செய்துகாட்டக் கையில் இருந்தது துறையின் பொதுக்கருவி. பகலில் மற்றவர்கள் தங்கள் சேர்மங்களை அளக்க வரிசையில் நிற்பார்கள். ஆகவே அவர் இரவில் வருவார். எல்லோரும் அரும்பாடுபட்டுச் சீராக்கி வைத்திருந்த புலத்தைச் சரிவாக்குவார், தன் சோதனையைச் செய்வார், விடிவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போவார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு நுண்குழாய்களில் சாதாரண நீர். அவற்றைச் சுற்றி, நாலு மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள குழாயில் கனநீர், அதாவது கனத்த ஹைட்ரஜன் உள்ள நீர்; அது இந்தச் சுருதியில் ஒலிக்காது. 45 பாகை இடைவெளியில் நான்கு நிழல்கள். கணக்குப் போட்டால் காகிதத்தில் இரண்டு புள்ளிகள். உலகின் முதல் எம்.ஆர்.ஐ. படம் அந்த இரண்டு புள்ளிகள்தான். அடுத்து, அவருடைய மகள் கடற்கரையில் பொறுக்கி வந்த நாலு மில்லிமீட்டர் சிப்பி ஒன்று. கடல் அங்கேயிருந்து ஒரு நடைதான். புறநகர் கொடுத்த ஒரே ஆய்வுப்பொருள் என்று சொல்லிக்கொள்வேன்.

கட்டுரையை ‘நேச்சர்’ முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் மறுபரிசீலனை கேட்டு, 1973 மார்ச்சில் வெளிவந்தது. புது முறைக்கு அவர் வைத்த பெயர் ‘சூக்மடோகிராஃபி’. கிரேக்கத்தில் சூக்மா என்றால் நுகத்தடி, இரண்டு புலங்களைச் சேர்த்துப் பூட்டுவதால். அறிவாளிகளுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்பதற்கு இது போதும். காப்புரிமை வாங்கத் தேவையில்லை என்று அன்றைய பல்கலைக்கழகம் முடிவு செய்தது. எவ்வளவு கோடி போனது என்று வளாகத்தில் இன்றைக்கும் விரல் மடக்குகிறார்கள். எனக்கென்னவோ அது அவ்வளவு பெரிய சோகமாகத் தெரியவில்லை. மக்கள் பணத்தில் வாங்கிய கருவியில் இரவில் கண்டுபிடித்தது மக்களுக்கே போனது.

நானும் இரவு ஆளாகத்தான் இருந்தேன். என்.எம்.ஆர். அறைக் கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதவேண்டும். பகலில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கார்பன்-13 அணுக்கருவின் சைகையை எடுக்கவேண்டுமென்றால், அதுவும் என்னைப்போல மூன்றே மில்லிகிராம் சேர்மத்தை வைத்துக்கொண்டு, இரவு முழுக்க ஓடவேண்டும். பதினொரு மணிக்குப் போவேன். ஐந்து மில்லிமீட்டர் குழாயை மெல்லிய தாளால் துடைத்து, சுழலியில் செருகி, காந்தத்தின் வாயில் வைத்தால் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் பெருமூச்சுவிடும் ஓசையோடு உள்ளே இறங்கும். பிறகு ஷிம். புலத்தைச் சீராக்கும் வேலை. திரையில் கோடு ஏறவேண்டும். ஒரு குமிழைத் திருகினால் ஏறும், இன்னொன்றைத் திருகினால் இறங்கும், முதலாவதற்குத் திரும்பிவந்தால் அது ஏற்கெனவே மாறியிருக்கும். அரை மணி நேரம் இப்படி. அந்தச் சீரைத்தான் ஒருவர் இரவோடு இரவாகக் கெடுத்துவிட்டு விடிவதற்குள் திருப்பி வைத்தார் என்று நினைக்கும்போது எனக்கு நோபல் பரிசைவிட, காலையில் அவர் திருப்பி வைத்ததுதான் பெரிதாகத் தோன்றும். ஷிம் செய்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

வேறு எங்கே போயிருப்போம்? இரவு பதினொன்றுக்கு மேல் போக ஓரிடம் இருந்த ஊரில் நான் படித்திருந்தால் என் ஆய்வேடு இன்னும் முடிந்திருக்காது. மன்ஹாட்டனில் படித்த நண்பனுக்குத் திரையரங்கு, இசை, நடுநிசிச் சாப்பாடு எல்லாம் இருந்தன. என்னைவிடக் கெட்டிக்காரன். அவனுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. இதை வைத்துக் கொள்கை எதுவும் நான் உருவாக்கவில்லை. தனிமையில் உடைந்துபோய் இரண்டாம் ஆண்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்களும் எங்கள் தளத்திலேயே இருந்தார்கள். நாங்கள் அவர்களைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

கணிதக்காரர்கள் கதை வேறு. யாங்-மில்ஸ் கொள்கையால் பெயர்பெற்ற இயற்பியலாளர் சி. என். யாங் அறுபதுகளின் நடுவில் பிரின்ஸ்டனை விட்டு இந்தச் சேற்றுக்கு வந்தார். 1968இல் கணிதத் துறைத் தலைவராக வந்தவர் ஜிம் சைமன்ஸ், அப்போது முப்பது வயது; வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதால் முந்தைய வேலை போயிருந்தது. எழுபதுகளின் நடுவில் சைமன்ஸ் மதிய உணவு நேரத்தில் இயற்பியலாளர்களுக்கு ஃபைபர் பண்டில் என்ற வடிவியல் கருத்தைப் பற்றி வகுப்பெடுத்தார். தாங்கள் இத்தனை காலம் விசைகளை விவரிக்கக் கேஜ் புலம் என்று அழைத்ததைத்தான் கணிதத்தில் கனெக்‌ஷன் என்கிறார்கள் என்று யாங்குக்குத் தெளிவானது. 1975இல் அவரும் வூ என்ற இயற்பியலாளரும் எழுதிய கட்டுரையில் இரண்டு மொழிக்கும் ஓர் அகராதியே போட்டார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு ஒரே கிணற்றுக்கு இரண்டு பெயர் வைத்திருந்த கதை.

சைமன்ஸ் 1978இல் வேலையை விட்டு வணிகத்துக்குப் போனார். ரயில் நிலையத்துக்கு எதிரே, சாலையோரக் கடைவரிசை ஒன்றில் இருந்தது அந்த முதல் அலுவலகம். பின்னால் அது ரெனசான்ஸ் டெக்னாலஜிஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஆயிற்று. அங்கே சேர்த்த பணத்திலிருந்து 2023இல் அவருடைய அறக்கட்டளை பல்கலைக்கழகத்துக்கு 50 கோடி டாலர் கொடுத்தது, இதற்குத்தான் செலவிடவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.

போன ஆண்டு ஒரு கருத்தரங்குக்காக நியூயார்க் போயிருந்தேன், இந்த முறை உண்மையான நியூயார்க்குக்கு. ஒருநாள் மிச்சமிருந்தது. பழைய பழக்கத்தில் ஜமைக்காவில் மாறி, ஹண்டிங்டன் தாண்டியதும் டீசல் வாடையில் தூங்கி, ஸ்டோனி புரூக்கில் இறங்கினேன். என்.எம்.ஆர். அறைக் கதவில் தாள் இல்லை; பதிவெல்லாம் கணினியில். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அரை மணியில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் அந்தக் கழுகு நினைவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்தக் கிராமத்துக்குப் போனதில்லை. இரண்டு மைல் இருக்கும். டாக்ஸி கூப்பிடாமல் நடந்தேன். பாதி வழி நடைபாதை இல்லை. யாரும் வண்டியை நிறுத்தி விசாரிக்கவும் இல்லை. அஞ்சலகத்தின் எதிரே போய் நின்றபோது மணி மூன்று ஐந்து. நம்முடைய அதிர்ஷ்டம் அப்படி. புல்வெளியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிய காபியை ஆறவைத்துக் குடித்து, துறைமுகத்தைப் பார்த்து, கழுகைப் பார்த்து, ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். வெள்ளைப் பலகை, பிறை வடிவக் கடைகள், எதிலும் ஒரு கறை இல்லை. மரங்களுக்கு அப்பால் இருபத்தைந்தாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

நான்கு மணிக்கு அது இறக்கை அடித்தது. நான் நினைத்ததைவிட மெதுவாக, கொஞ்சம் வலிக்கிறாற்போல. கடை வாசலில் பேசிக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நின்றதும் எழுந்து, அடுத்த ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டே நிலையத்தை நோக்கி நடந்தேன்.